முதல்ல தோக்குறவங்க டீ வாங்கணும்

கார்டுக் கட்டைக் குலுக்கும்போது சிரிப்பு வந்துரக் கூடாது. ஹெப்சி, மூஞ்சிய ஒழுங்கா வையி. பல்லு தேறுமா டாக்டர்னு கேக்குறவங்ககிட்ட 'பாப்போம்'னு சொல்லும்போது ஒரு மூஞ்சி வைப்பியே, அந்த மூஞ்சி. ஒரு வாரமா ஒளிச்சு ஒளிச்சுச் சேத்த கட்டு இது. கிளினிக்ல ஊசி போட்டுட்டு வாய் மரத்துப்போகட்டும்னு காத்திருக்க நேரத்துல, மேசை டிராயரை லேசா இழுத்து, இந்தக் கார்டு வேணும், இது வேண்டாம், இது இருந்தா அது எதுக்குன்னு மாத்தி மாத்தி வச்சு, நேத்து ஒருத்தருக்கு இடது பக்கம் ஊசி போட்டுட்டு வலது பக்கம் தட்டிப் பாத்துட்டேன், மனுசன் 'எம்மா'ன்னு எந்திரிச்சுட்டாரு, நல்ல வேளை தட்டத்தான் செஞ்சேன். இவ்வளவு பாடும் எதுக்கு? இன்னைக்கு நான் அடி வாங்கணும். ஈவு இரக்கம் இல்லாம, என் கோட்டைய நொறுக்கி, முதல் ஆளா என்னை வெளிய தள்ளணும். வெளிய தூறல். ஞாயித்துக்கிழமை மத்தியானம், கோயில்ல ஆராதனை முடிஞ்சு, பிரியாணி முடிஞ்சு, பாளையங்கோட்டையே காத்தாடிக்குக் கீழ கெடக்குற நேரம், நாங்க நாலு கிறுக்குக் கோட்டிங்க மட்டும் சுடலையோட அச்சாபீஸ் மாடியில உக்காந்து ராட்சசனையும் பறக்குற பாம்பையும் ஏவி அடிச்சுக்கிடுதோம். சுவரோரமா கல்யாணப் பத்திரிகை அடுக்கி வச்சிருக்கு, மை காய்ஞ்சும் காயாமலும் ஒரு வாசனை. ஒரு வருசம் எந்த வாசனையும் ஆகாமக் கெடந்தவளுக்கு இப்ப எல்லா வாசனையும் பிடிக்குது, மை வாசனை, மண் வாசனை, சுடலையோட பிரியாணி ஏப்பம் வரைக்கும். எதுத்தாப்புல அந்தச் சுடலைமுத்து, ஆளு பீரோ மாதிரி, மனசு வெண்ணெய், என் வீட்டுக்காரருக்கு ஒரு வகுப்பு கீழ படிச்சவன், அண்ணி முறையில என்னை மைனின்னு கூப்புடுவான். இடது பக்கம் ஷமீலா, மேலப்பாளையத்துக்காரி, வக்கீல், கோர்ட்டுல விட்டதையெல்லாம் இங்க வந்து பிடிப்பா. வலது பக்கம் என் வீட்டுக்காரர் ரூபன், மின்வாரியத்துல இஞ்சினியர். இவுகதான். எல்லாம் இவுகளாலதான்.

விளையாட்டுக்குப் பேரு ஏழு கோட்டை, ஆனா ஆளுக்கு ஒரு கோட்டைதான், மிச்சம் எங்க போச்சுன்னு இத்தனை வருசமா எவனுக்கும் தெரியாது. கார்டு வெளிநாட்டுல அடிச்சு பாக்கெட்டுல வருது, பிரிச்சாத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும், வந்ததுல பொறுக்கி ஆளாளுக்கு ஒரு கட்டு சேத்துக்கிட்டு வரணும், இங்கிலீஷ்ல ஒரு முழத்துக்குப் பேரு போட்டிருக்கும், அதை யாரு வாசிக்க, நாங்களே பேரு வச்சிக்கிட்டோம். நகராம உக்காந்து காவல் காக்குற பூதம் கல்லுரல். கூட்டமா வந்து விழுற குட்டி ராட்சசங்க ஈசல். அடுத்தவன் ஆளை மயக்கி ஒரு தடவை நம்ம பக்கம் சண்டைக்கு இழுக்குற கார்டு வசியம். கோட்டைக்குக் கல்லுன்னு புளியங்கொட்டை, ஆளுக்கு ஒரு குவியல், அடி விழ விழ கொட்டை போகும், கொட்டை தீந்தா ஆளு காலி. ஒவ்வொரு தடவையும் ஒரு கிணத்துக் கார்டு வைக்கலாம், கிணத்துல ஊறுற தண்ணியக் குடுத்து ஆளை எறக்கலாம், எறக்குன ஆளை யார் கோட்டை மேல வேணும்னாலும் ஏவலாம். ஏவி அடிச்ச ஆளு களைச்சுப் படுத்துரும், அடுத்து நம்ம முறை வார வரைக்கும் காவலுக்கு ஆகாது. அவ்வளவுதான், சின்னப் பிள்ளைக்குக் கூட சொல்லிக் குடுத்துரலாம். ஆனா ரெண்டு பேரு விளையாட கார்டு போதும், நாலு பேரு விளையாட மூஞ்சி வேணும். யாரு கை ஓங்குதோ அவன் மேல மூணு பேரும் பாய்வாக. அதனால நல்ல கார்டு வந்தா மூஞ்சியத் தொங்கப் போடணும், 'எனக்கு ஒண்ணுமே வரலையே'ன்னு பெருமூச்சு விடணும், பாவம் மாதிரி இருக்கணும். பாவமா இருக்கவனை யாரும் அடிக்க மாட்டாக, அவனைக் கடைசிக்கு வச்சுக்கிடுவாக. அந்தக் காலத்துல எனக்கு அது வரவே வராது. நல்ல கார்டு எடுத்தா எனக்குக் காது வரைக்கும் பல்லு தெரியும். உடனே மூணு பேரும் சேர்ந்து மொத்துவாக, நான்தான் முதல் ஆளா காலியாவேன், முதல்ல தோக்குறவங்க கீழ போய் கொம்பையா அண்ணாச்சி கடையில நாலு டீ வாங்கிட்டு வரணும், அதுதான் இந்த மேசையோட சட்டம். எத்தனை ஞாயிறு! மூணு பேரையும் வாயில வந்தபடி ஏசிக்கிட்டே தடதடன்னு இரும்புப் படியில எறங்குவேன், கொம்பையா அண்ணாச்சி அந்தச் சத்தத்தைக் கேட்டே பாலை அடுப்புல ஏத்திருவாரு.

அப்புறம் கட்டி வந்துது. சரி, வந்துது, வெட்டி எடுத்தாச்சு, மருந்து ஏத்தியாச்சு, முடி கொட்டி முடி முளைச்சாச்சு, இப்ப என் தலைமுடி சுருட்டையா வேற வளருது, காசு குடுத்தாலும் அமையாத சுருட்டை. அதைப் பத்தி இப்ப என்னத்துக்கு. திரும்பி இந்த மேசைக்கு வந்த முதல் ஞாயிறு நான் ஜெயிச்சேன். சுடலை கைதட்டுனான், ஷமீலா கட்டிப் பிடிச்சா, எனக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு. ரெண்டாவது ஞாயிறும் ஜெயிச்சேன். அதுக்கடுத்ததும் ஜெயிச்சேன், அப்ப என் கையில இருந்தது என்ன, ரெண்டு கல்லுரலும் ஒரு நொண்டிக் குதிரையும். அதை வச்சு எவளாவது ஜெயிப்பாளா? என்னைத் தொடாம மூணு பேரும் தங்களுக்குள்ள அடிச்சு அடிச்சு மாஞ்சு போறாக, கடைசியில எஞ்சுற ஆளு என் கோட்டைக்கு முன்னால வந்து முழிக்கான். சீ, எனக்கு மூஞ்சியத் தொங்கப் போட வேண்டிய அவசியம் கூட இல்லாமப் போச்சு, ஆண்டவரே, நான் உக்காந்தாலே பாவமா இருக்கு போல. படி ஏறும்போது ஒருத்தர் முழங்கையப் பிடிக்காக. குளுகுளுன்னு காத்து வந்தா ஒருத்தர் ஜன்னலைச் சாத்துதாக. கிளினிக்ல 'வலிக்காதும்மா, எறும்பு கடிச்ச மாதிரி'ன்னு நான் ஒரு குரல்ல பேசுவேன், அதே குரல்ல என்கிட்டயே பேசுதாக. அதைக் கூடப் பொறுத்துக்கிடுவேன். போன ஞாயிறு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கலை. நானும் இவுகளும் மட்டும் மிச்சம், என் கோட்டையில கொட்டை கொஞ்சந்தான், எனக்குக் காவலா ஒரே ஒரு பாம்பு. இவுக முறை. கார்டையே பாத்துக்கிட்டு இருந்தாக, காதைச் சொறிஞ்சாக, அப்புறம் "கையில ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டு முறையை விட்டுக் குடுத்துட்டாக. நான் ஜெயிச்சேன். கார்டைப் பொறுக்கி அடுக்கும்போது இவுக வச்சிருந்த கார்டைத் திருப்புறேன், வசியம். என் பாம்பை மயக்கி என்னையே கொத்த விட்டிருந்தா அன்னைக்கே என் சோலி முடிஞ்சிருக்கும். மத்த கார்டோட சேத்து அடுக்கி வச்சுட்டேன். வீட்டுக்கு வந்து டம்ளர் கழுவும்போது ஒண்ணைப் போட்டு உடைச்சேன், வேணும்னேதான் உடைச்சேன்.

டம்ளர் உடைஞ்சது வசியத்துக்காக இல்ல. அந்த 'ஒண்ணுமில்ல'க்காக. அதுலதான் என் மனசு முள்ளுல சேலை மாட்டுன மாதிரி மாட்டிக்கிட்டு நிக்குது, இழுத்தாக் கிழியும் போல இருக்கு. ஏன்னா அந்த ஒண்ணுமில்லையை நான் அதுக்கு முன்னாலயும் கேட்டிருக்கேன், அதே குரல், அதே காதைச் சொறியிறது. ஆஸ்பத்திரி வராந்தாவுல. பெரிய டாக்டர் ஸ்கேனைப் பாத்துட்டு என்கிட்ட நல்லாத்தான் சொன்னாரு, சுத்தமா இருக்கும்மா, இனி ஆறு மாசம் கழிச்சு வந்து தலையக் காட்டுனாப் போதும்னு. நானும் கும்பிட்டுட்டு எந்திரிச்சு வெளிய வாரேன், அப்ப பின்னால, "சார், நீங்க மட்டும் ஒரு நிமிசம்." எனக்குக் காலு அங்கேயே நின்னுட்டு. நானும் ஒரு டாக்டர்தான், பல் டாக்டர்னாலும் டாக்டர்தான், அந்த 'ஒரு நிமிசம்' எதுக்குன்னு எனக்குத் தெரியாதா, வாயில ஆறாத புண்ணோட வந்த எத்தனை பேரோட மகனை, புருசனை அப்படி நிறுத்தி வச்சுப் பேசியிருப்பேன். கதவு சாத்துச்சு. வராந்தாவுல உக்காந்து மீன் தொட்டியில ஒரு மீனையே பாத்துக்கிட்டு இருந்தேன், அது கண்ணாடியில வந்து வந்து முட்டிக்கிட்டு இருந்துது. இவுக வெளிய வந்தாக. என்ன சொன்னாருன்னு கேட்டேன். காதைச் சொறிஞ்சுக்கிட்டே, "ஒண்ணுமில்ல ஹெப்சிம்மா." ஹெப்சிம்மாவாம்! கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்னை ஏட்டின்னு கூப்புட்ட மனுசன், கடையில பத்து பேரு நிக்கும்போது 'ஏட்டி ஹெப்சி, அந்தப் பையை எடு'ன்னு கத்துற மனுசன், இந்தக் கட்டி வந்த நாள்ல இருந்து ஹெப்சிம்மா. அந்த 'ம்மா'வுக்குப் பின்னால என்னத்தை ஒளிச்சு வச்சிருக்காக? கையில ஒண்ணுமில்லன்னது பொய்னா, டாக்டர் சொன்னதுல ஒண்ணுமில்லன்னது எப்படி நெசமாகும்? தெரிஞ்சுதான் விட்டுக் குடுக்காகளா, எவ்வளவு நாளோ, ஜெயிச்சுட்டுப் போகட்டும்னு? இதை யோசிச்சு யோசிச்சு அரைச்ச மாவையே அரைச்சுக்கிட்டுக் கெடக்கேன்.

கேட்டுறலாம்லா. கேக்க ஒரு வழி கூட இருக்கு. கையில என்ன கார்டு இருக்குன்னு இந்த மேசையில எவ்வளவு வேணும்னாலும் புளுகலாம், ஆனா உள்ளங்கைய மேசையில பரத்தி வச்சிட்டா வாயில வாரது நெசமா இருக்கணும், அப்பத்தான் ஒருத்தரோட ஒருத்தர் ஒப்பந்தம் போட முடியும். ஷமீலா கொண்டு வந்த சட்டம். இது வரைக்கும் எவனும் மீறுனது கிடையாது, சுடலை ஒரு தடவை கைய வச்சுக்கிட்டு தன் கையில இருக்க கார்டு அத்தனையும் ஒப்பிச்சிட்டான், கேக்காமலே. கைய வைங்கன்னு இவுககிட்டச் சொன்னாப் போதும். ஆனா வச்சிட்டு வேற எதையாவது சொல்லிட்டாகன்னா? அதான் கேக்கலை. அடிக்கச் சொல்லியும் கேக்க மாட்டேன், சொல்லி வாங்குற அடி ஒரு அடியா, அதுவும் ஒரு உபசாரந்தானே, எனக்கு ஹார்லிக்ஸ் கலக்குற மாதிரி அடிப்பாக. அதனாலதான் இந்தக் கட்டு. என்னை விட்டுவைக்கவே முடியாத மாதிரி ஒரு கட்டு. இதுக்குள்ள பாதிக்குப் பாதி பனை. பனைன்னு நாங்க சொல்லுறது ஒரு ஒல்லி ராட்சசன், பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு வருவான், யாருக்கும் வேண்டாம், எல்லாரும் செருப்பு டப்பாவுல எறிஞ்சிருவோம். அவனுக்குச் சொந்த பலம் கிடையாது. மேசையில எத்தனை கிணறு வத்திக் கெடக்கோ அத்தனை பலம். எந்த ஊருல கிணறு தானா வத்துது? அதான் செருப்பு டப்பா. ஆனா இன்னொரு கார்டு இருக்கு, சித்திரை வெயில். அதைப் போட்டா, ஒவ்வொருத்தர் முறையிலயும் அவுக கிணத்துல ஒண்ணு வத்தும், போட்டவளுக்கும் சேத்துத்தான். சுடலை ஒரே ஒரு தடவை அதைப் போட்டான், ரொம்ப நாளைக்கு முன்னால, நாங்க மூணு பேரும் அவனை அடிச்ச அடியில, "இந்தத் தரித்திரத்தை நீங்களே வச்சுக்கோங்க மைனி"ன்னு என் மடியில போட்டுட்டு டீ வாங்கப் போயிட்டான். அதுல இருந்து அந்தக் கார்டை எவரும் கையால தொடலை. வெயிலும் பனையும் ஒரே கட்டுக்குள்ள. நம்ம ஊருப் பக்கம் செம்மணல் தேரிக்காட்டுல பனை நிக்குமே, சுத்தி ஒரு சொட்டுத் தண்ணி இருக்காது, அது பாட்டுக்கு நெடுநெடுன்னு நிக்கும். எனக்கு எப்படித் தோணுச்சுன்னே தெரியலை, ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கிட்டு இருக்கும்போது தோணுச்சு, அந்தப் பல்லும் வந்துட்டு.

"ஹெப்சிக்கா, உங்க முறை," ஷமீலா சொல்லுதா. ஆமா, என் முறை. ஒரு கிணறு வைக்கிறேன், ஒரு பனைய எறக்குறேன். சுடலை எட்டிப் பாக்கான். "என்ன மைனி, பனையா? கட்டுல கார்டு பத்தலையா? என்கிட்ட நல்ல சிங்கம் ரெண்டு சும்மா கெடக்கு, தரட்டுமா?" பாத்தியா, பாத்தியா, சிங்கம் தாரானாம். "இருக்கட்டும்டே, பனை பாவம்"ன்னு சொல்லுறேன், குரல் நல்லா இழுத்து வருது, இவ்வளவு வருசம் கழிச்சு எனக்கு நடிக்க வந்துட்டு. இவுக என் பனையப் பாக்காக, என்னைப் பாக்காக, ஜன்னல் பக்கம் பாத்து, "சாரல் அடிக்குதா ஹெப்சிம்மா, சாத்தட்டுமா?" அடிக்கட்டும், அடிக்கட்டும், எல்லாம் அடிக்கட்டும். சுத்து சுத்தி வருது. ஷமீலா ஈசலைக் கெளப்பி விடுதா, ஈசல் பூரா சுடலை மேல போகுது. சுடலை சிங்கத்தை ஏவுதான், ஷமீலா மேல. இவுக கிணறு மேல கிணறா வச்சுக்கிட்டு கார்டு சேக்காக. நான் இன்னொரு பனை, இன்னொரு பனை, ஆக நாலு பனை. என் கோட்டையில ஒரு கொட்டை அசையலை. எல்லாருக்கும் கிணறு நெறைஞ்சு தண்ணி தளும்பிக்கிட்டு இருக்கு. இப்பப் போடணும். இப்ப. கை வேர்க்குது, வேர்வையத் துடைச்சுக்கிடுறேன், இது பயமா சந்தோசமா, ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் வேர்க்குது. எடுத்தேன், மேசை நடுவுல வச்சேன். சித்திரை வெயில்.

மூணு தலையும் கார்டு மேல குனியுது. அப்புறம் சுடலை, "ஏ, எம்மா!" ஷமீலா எந்திரிச்சே நின்னுட்டா. "யக்கா, இதை எங்க இருந்து எடுத்தீங்க, இது தடை பண்ண கார்டுலா!" தடை எங்க பண்ணுனோம், காட்டு, எழுத்துல காட்டுன்னு கேக்குறேன், வக்கீலம்மா திரும்பவும் உக்காந்துட்டா. அவ முறை, முதல் கிணறு வத்துது, கார்டைக் கவுத்து வைக்கா. சுடலைக்கு ஒண்ணு வத்துது. இவுகளுக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு. பனை நாலும் அசைஞ்சு குடுக்குது. நான் பனைகளைக் காட்டி, 'இதுக என்ன செய்யும்னு வாசிச்சுப் பாருங்க'ன்னு சொல்லுறேன், ஷமீலா ஒரு கார்டைத் தூக்கிச் சத்தமா வாசிக்கா, வாசிக்க வாசிக்க அவ குரல் எறங்குது, சுடலை வாயைத் திறந்தவன் மூடலை. "பாவிங்களா, இத்தனை நாளு செருப்பு டப்பாவுலயா கெடந்துது?" எனக்கு உள்ளுக்குள்ள ஒருத்தி கும்மி அடிக்கா. இன்னொரு சுத்து, இன்னொரு வரிசைக் கிணறு கவுந்துது. பனைய ஏவுறேன், ஷமீலா கோட்டையில பாதி போச்சு, சுடலை கோட்டையில பாதி போச்சு, இவுக கோட்டையிலயும் ஒரு அறை. மூணு பனை களைச்சுப் படுத்துட்டு, நாலாவதைக் காவலுக்கு நிறுத்தி வச்சிருக்கேன், நான் ஒண்ணும் சும்மா குடுக்கலை, விளையாடத்தான் செய்றேன், ஜெயிக்கிற மாதிரிதான் விளையாடுறேன். அடுத்து என் முறை வந்தா மூணு பேரும் காலி. இப்ப வா. இப்ப என்னை என்ன செய்யப் போறீக?

ஷமீலா செய்யிறதைச் செஞ்சா, அவகிட்ட மிச்சம் இருந்த ஈசலையெல்லாம் என் மேல விட்டா, காவல் பனை ஒண்ணை அமுக்குது, மிச்சம் வந்து என் கொட்டைகளைக் கடிச்சுது, ஒரு கைப்பிடி போச்சு. கண்ணு ஷமீலா, நீ நல்லாரு! ஆனா அதுக்கு மேல அவகிட்டத் தண்ணி இல்ல. அடுத்தது சுடலை. அவனுக்கு ஒரு சிங்கம் இருக்கு. என்னைப் பாக்கான், சிங்கத்தைப் பாக்கான், ஷமீலா, "உம்ம மைனியப் போடும்வே, போடலைன்னா நம்ம மூணு பேரும் அம்பேல்"னு கத்துதா, அவன் உதட்டைக் கடிக்கான், "மைனிய எப்படி வக்கீலம்மா"ங்கான், கடைசியில அந்தக் கூறுகெட்ட பய சிங்கத்தை ஏவுறான் பாரு, ஷமீலா மேல! அவளுக்கு இன்னும் ரெண்டே கொட்டை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பத்திரிகைக் கட்டைத் தூக்கி அவன் மண்டையில போட்டிருப்பேன். அடேய், என் மேல அவ்வளவு பிரியம்னா என்னை அடிச்சித் தொலைடா. முடிஞ்சுது. இனி இவுகதான்.

இவுக முறை. ஒரு கிணறு கவுந்துது, ஆனா சேத்து வச்ச கிணறு ரெண்டு மூணு இன்னும் ஈரமா நிக்குது, மின்வாரியத்துப் புத்தி, எப்பவும் ஒண்ணு ரெண்டு ரிசர்வுல இருக்கும். கட்டுல இருந்து கார்டை எடுக்காக, பாக்காக. காதைச் சொறியிதாக. வசியந்தான். வசியந்தான் அது, அதே காது, அதே சொறி. காவலுக்கு நிக்கிற என் பனைய மயக்கி இழுத்தா, இத்தனை கிணறு வத்துன பலம் பூரா என் கோட்டை மேலயே விழும், நான் இருந்த எடம் தெரியாது. என்னை அடிக்க இதை விட்டா வழி கிடையாது, அடிக்கலைன்னா அடுத்த முறை நான் எல்லாரையும் முடிச்சிருவேன். இவுகளுக்கும் தெரியும். கண்ணு என் பனை மேல போகுது. அப்புறம் என் மேல வருது, என் தலை மேல, இந்தச் சுருட்டை முடி மேல. வேண்டாம், முடியப் பாக்காதீக. பனையப் பாருங்க. அந்த மீனு ஞாபகம் வருது, முட்டி முட்டித் திரும்புன மீனு, இப்ப வாயைத் திறப்பாக, 'கையில ஒண்ணுமில்ல'ன்னு சொல்லுவாக, சொல்லிட்டா எனக்குத் தெரிஞ்சு போகும், நான் கேக்கவே வேண்டாம், ஆறு மாசம்னு அவரு சொன்னது என்கிட்டச் சொன்ன ஆறு மாசம், இவுககிட்டச் சொன்னது வேற. ஏசப்பா, இந்த ஒரு தடவை. நான் ஜெயிக்க வேண்டாம். இனி எந்த ஞாயித்துக்கிழமையும் ஜெயிக்க வேண்டாம். வாயைத் திறக்காக. "இது..." திறந்த வாய் அப்படியே நிக்குது. சித்திரை வெயிலைப் பாக்காக, தன் கோட்டையில நான் அறைஞ்சு எடுத்த பள்ளத்தைப் பாக்காக, கவுந்து கெடக்குற தன் கிணத்தை ஒவ்வொண்ணாப் பாக்காக, கழுத்து செவக்குது, கிணறு சேக்குற ஆளுகிட்டக் கிணத்தைத் தொட்டா விடுவாரா, கழுத்துல இருந்து காதுக்கு ஏறுது செவப்பு, எனக்குத் தெரியும் அந்தச் செவப்பு, கல்யாணமான புதுசுல நான் ஸ்கூட்டரைக் கொண்டு போய் வாய்க்கால்ல விட்டப்ப ஏறுன செவப்பு, ஒரு வருசமா நான் பாக்காத செவப்பு.

"ஏட்டி!"

ஆத்தாடி. கார்டு மேசையில விழுந்த சத்தத்துல புளியங்கொட்டை துள்ளுது. "ஏட்டி ஹெப்சி! எத்தனை நாளா இந்தச் சவத்தை ஒளிச்சு வச்சிருந்த? என் கிணறு பூரா போச்சேட்டி! பாவம்னு பாத்தா தலையில ஏறி உக்காருதியா? இந்தா வாங்கிக்கோ!" வசியம். என் பனைய வெடுக்குன்னு பிடுங்கித் தன் பக்கம் வச்சு, அதையே என் கோட்டை மேல ஏவி, என் கொட்டையெல்லாத்தையும் ஒரே வழிப்பா வழிச்சு எடுக்காக, ஒண்ணு உருண்டு போய்ச் சுடலை காலுக்கடியில விழுது, அதையும் குனிஞ்சு எடுக்காக, ஒரு கொட்டைய விட மனசில்ல அந்த மனுசனுக்கு! ஷமீலா விசிலடிக்கா, சுடலை, "அண்ணாச்சி, மைனிய அடிச்சுட்டீகளே அண்ணாச்சி"ன்னு அழுவாத குறை. நான் சிரிக்கிறேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறேன், வெட்டித் தச்ச எடம் இழுக்குது, இழுக்கட்டும். "உங்க பெரிய டாக்டர் அன்னைக்கு உங்களை மட்டும் நிறுத்தி வச்சு என்னத்தைச் சொன்னாரு?" கேட்டுட்டேன். எப்படிக் கேட்டேன்னு தெரியலை, வாயில இருந்து தானா வந்துட்டு. இவுக நிமிந்து கூடப் பாக்கலை, அடுத்து சுடலையோட சிங்கத்தை என்ன செய்யன்னு யோசிச்சுக்கிட்டு, எரிச்சலா, "அவரு புது வீட்டுக்கு மூணு பேஸ் கரண்டு கனெக்ஷன் வேணுமாம், சீக்கிரம் முடிச்சுக் குடுங்கன்னு பிடுங்குதாரு. உன்கிட்டச் சொன்னா, எல்லாரும் உங்களைத்தான் ஏய்க்காகன்னு அதுக்கும் ஏசுவ. இப்ப அதுவா முக்கியம்? போ, போயி டீய வாங்கிட்டு வா." சொல்லும்போது நான் இவுக கையைத்தான் பாத்தேன். என் கொட்டையை வழிச்ச கை, இன்னும் மேசையிலதான் இருக்கு, உள்ளங்கை நல்லா பரந்து படிஞ்சு கெடக்கு. அந்தக் கைய அங்க யாரும் வைக்கச் சொல்லலை.

படியில எறங்குறேன். தடதடன்னு எறங்குறேன், இரும்புப் படி அதிருது, யாரும் முழங்கையைப் பிடிக்க வரலை, மேல மூணு பேரும் அதுக்குள்ள சண்டைய ஆரம்பிச்சுட்டாக, "சிங்கத்தை எம்மேல ஏவாதலே"ன்னு இவுக குரல் தெரு வரைக்கும் கேக்குது. தூறல் மூஞ்சியில விழுது, குளுகுளுன்னு இருக்கு. மூணு பேஸு கனெக்ஷனாம், அந்த டாக்டரை என்ன செய்ய, ஊருல இல்லாத பெரிய வீடா கட்டுதாரு, கட்டட்டும், நல்லா கட்டட்டும், ஏசி மேல ஏசியா மாட்டட்டும், ஆறு மாசம் கழிச்சுப் போய்க் கேப்பேன் கரண்டு வந்துட்டான்னு. கொம்பையா அண்ணாச்சி கடை தார்ப்பாயில தண்ணி சொட்டுது. மனுசன் என் படிச் சத்தத்துக்கே தலையத் தூக்கிட்டாரு. கையில பால் சட்டிய எடுத்துட்டாரு. "என்ன டாக்டரம்மா, உங்களைக் கண்டு எம்புட்டு நாளாச்சு! ஒரு வருசமா சாரும் அந்த வக்கீல் பொண்ணும்தானே மாத்தி மாத்தி வாராக. நான் கூட நீங்க விளையாட்டையே விட்டுட்டீகளோன்னு நெனைச்சேன்." விடலை அண்ணாச்சி, எங்க விட, சும்மா ஜெயிச்சுக்கிட்டு இருந்தேன். அவருக்கு ஒண்ணும் வெளங்கலை, வெளங்க வேண்டாம். பால் பொங்கி வருது. "இன்னைக்கு என்ன ஆச்சு?"ன்னு கேக்காரு. என் வீட்டுக்காரரு என்னை முதல் ஆளா அடிச்சு வெளிய தள்ளிட்டாக அண்ணாச்சின்னு, பக்கத்துல டீ குடிக்கிறவன் திரும்பிப் பாக்கிற அளவுக்குச் சத்தமா, பல்லு எல்லாம் தெரியச் சொல்லுறேன். நாலு டீ போடுங்க. எனக்குச் சீனி தூக்கலா.